கையில் ஒட்டிய சென்சார் பொய் சொல்லுமா?

விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தைப் பார்த்துவிட்டு குளுக்கோமீட்டர் 142 என்கிறது. அதே நிமிடம், மேல்கையில் ஒட்டியிருக்கும் சென்சாரைக் கேட்டுவிட்டு செல்போன் 118 என்கிறது. ஒரே ஆள், ஒரே நேரம், இரண்டு எண்கள். இதில் எது பொய்?

அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். ஆய்வகத்தில் இருக்கும் பெரிய கருவியிடம் அதே நேரத்தில் கேட்டிருந்தால் அது 130 என்று சொல்லியிருக்கலாம். அப்படியானால் மீட்டர் 12 கூட்டிச் சொல்லியிருக்கிறது. சென்சார் 12 குறைத்துச் சொல்லியிருக்கிறது. பிழை இரண்டுக்கும் சமம். இரண்டுமே பரீட்சையில் பாஸ்!

எந்தப் பரீட்சை? வீட்டில் வைத்திருக்கும் மீட்டர்களுக்கென்று ஐ.எஸ்.ஓ. என்னும் பன்னாட்டுத் தர அமைப்பு 2013-ல் வெளியிட்ட விதி ஒன்று உண்டு. ரத்தத்தில் சர்க்கரை 100-க்கு மேல் இருக்கும்போது, நூறு முறை அளந்தால் 95 முறையாவது உண்மையான அளவுக்கு 15 சதவீதம் முன்னே பின்னே வந்துவிட வேண்டும். 100-க்குக் கீழே என்றால் 15 மில்லிகிராம் முன்னே பின்னே. அவ்வளவுதான். 130-க்கு 15 சதவீதம் என்றால் 19.5. ஆக, 111 முதல் 149 வரை எதைச் சொன்னாலும் மீட்டரைக் குறை சொல்ல முடியாது. மீட்டர் காட்டும் எண்ணைக் கல்வெட்டு என்று நினைக்கிறவர்கள் நம் வீடுகளில் நிறையப் பேர். அது ஒரு நல்ல மதிப்பீடு. அதற்கு மேல் இல்லை.

இந்த எண்கள் எல்லாம் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில், அதாவது 100 மில்லிலிட்டரில், எத்தனை மில்லிகிராம் குளுக்கோஸ் இருக்கிறது என்ற கணக்கு. பெரியவர் ஒருவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுகர் 100 என்றால், அவ்வளவு ரத்தத்திலும் சேர்த்து ஓடுவது ஐந்தே ஐந்து கிராம் குளுக்கோஸ். ஒரு தேக்கரண்டி! இதை ஒரே சீராக வைத்திருப்பதற்காக நம் கணையம் ராப்பகலாக வேலை பார்க்கிறது. இன்சுலின் என்ற ஹார்மோனைத் தேவைக்குத் தகுந்தபடி விட்டுக்கொண்டே இருக்கிறது.

முதல் வகை நீரிழிவு வந்த பிள்ளைகளுக்கு இந்த வேலை நின்றுபோகிறது. இன்சுலின் சுரக்கும் செல்களை அவர்களுடைய நோயெதிர்ப்பு மண்டலமே அழித்துவிடுகிறது. மிட்டாய் அதிகமாகத் தின்றதால் வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது உண்மை இல்லை. அவர்கள் இன்சுலினை வெளியிலிருந்து போட்டுக்கொள்ள வேண்டும். எவ்வளவு போடுவது? அதற்குத்தான் அந்த எண் தேவைப்படுகிறது. 70-க்கும் 180-க்கும் இடையில் இருந்தால் நல்லது. 70-க்குக் கீழே போனால் கை நடுங்கும், வியர்க்கும், தலை சுற்றும். 54-க்குக் கீழே போனால் ஆபத்து. இன்சுலின் கொஞ்சம் கூடிப்போனால் சுகர் இறங்கிவிடும். ஆகவே எண் தப்பாக இருந்தால் மருந்தும் தப்பாகிவிடும்.

சரி, சென்சாரிடம் வருவோம். உங்கள் பள்ளியிலும் யாராவது மேல்கையில் வட்டமான சின்ன வில்லை ஒன்றை ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். சில வகைகள் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சிறியவை. சில கொஞ்சம் பெரியவை. வெளியே தெரிவது பேட்டரியும் ரேடியோவும் இருக்கும் மூடிதான். நிஜமான சென்சார் தோலுக்கு அடியில் இருக்கிறது. அரை சென்டிமீட்டர் நீளம், வளையக்கூடிய மெல்லிய இழை. அதைச் செருகிய ஊசி உடனே வெளியே வந்துவிடும்; இழை மட்டும் உள்ளே தங்கும். ரகத்தைப் பொறுத்து 10 நாளோ 14, 15 நாளோ அங்கேயே இருந்து, சில நிமிடங்களுக்கு ஒரு முறை அளவு சொல்லிக்கொண்டே இருக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஒரு நாளைக்கு 288 அளவுகள். விரலில் 288 முறை குத்திக்கொள்ள யாரால் முடியும்?

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த இழை ரத்தக் குழாய்க்குள் போகவில்லை. தோலுக்கு அடியில் செல்களுக்கு நடுவே இருக்கும் திசுநீரில்தான் அது நனைந்துகொண்டிருக்கிறது. காவிரிக் கரையோரக் கிணறுகளைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஆற்றில் தண்ணீர் வந்த உடனே கிணற்றில் மட்டம் ஏறிவிடாது. மணலுக்குள் ஊறி ஊறித்தான் ஏறும். ஆற்றில் வடிந்த பிறகும் கிணற்றில் சற்று நேரம் பழைய மட்டமே நிற்கும். ரத்தம்தான் ஆறு, திசுநீர்தான் கிணறு. மீட்டர் ஆற்றை அளக்கிறது. சென்சார் கிணற்றை அளக்கிறது. தாமதம் பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடம்.

பத்து நிமிடம் என்ன பெரிய தாமதம் என்று கேட்கலாம். சுகர் ஒரே மட்டத்தில் இருக்கும்போது ஒன்றும் இல்லை. மதியம் சோறு சாப்பிட்ட பிறகு நிமிடத்துக்கு 2 வீதம் ஏறுகிறது என்று வையுங்கள். 10 நிமிடத்தில் 20. அதாவது சென்சார் துளிக்கூடப் பிழை செய்யாமலே மீட்டரைவிட 20 குறைத்துக் காட்டும். நாம் ஆரம்பத்தில் பார்த்த 142, 118 வித்தியாசத்தின் பெரும்பகுதி இதிலேயே கரைந்துவிடுகிறது பாருங்கள்!

இந்தத் தாமதம் உண்மையிலேயே தொந்தரவு கொடுப்பது சுகர் இறங்கும் நேரத்தில். உங்கள் தோழிக்கு பி.டி. பீரியடில் ஓடிவிட்டு வந்ததும் 62. டீச்சர் குளுக்கோஸ் கரைத்துக் கொடுக்கிறார். 15 கிராம் சாப்பிட வேண்டும், 15 நிமிடம் பொறுக்க வேண்டும், மறுபடி பார்க்க வேண்டும், இதுதான் வழக்கம். பத்து நிமிடம் ஆகிறது. ரத்தத்தில் சுகர் 85-க்கு வந்துவிட்டது. செல்போன் இன்னும் 58 என்கிறது, கீழ்நோக்கி அம்புக்குறி வேறு. பயத்தில் இன்னொரு டம்ளர், கூடவே நாலு பிஸ்கட். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் 240! சென்சார் பொய் சொல்லவில்லை, பழைய செய்தியைச் சொன்னது. அதனால்தான் லோ சுகருக்குக் குளுக்கோஸ் கொடுத்த பிறகு, ஏறிவிட்டதா என்று விரலில் குத்திப் பார்க்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள்.

அதற்காக அம்புக்குறியைக் குறைவாக எடைபோட வேண்டாம். எண்ணைவிட அம்புக்குறிக்குத்தான் என் ஓட்டு. மீட்டர் 100 என்றால் 100, அதோடு சரி. சென்சாரோ 100, இறங்கிக்கொண்டிருக்கிறது என்கிறது. அசையாமல் நிற்கும் 100-ஐ வைத்துக்கொண்டு விளையாடப் போகலாம். நிமிடத்துக்கு 2 வீதம் இறங்கும் 100 இன்னும் கால் மணியில் 70. வெளியே கிளம்புவதற்கு முன்பு ஏதாவது சாப்பிட வேண்டும். இந்த ஒரு தகவலுக்காகவே பலர் சென்சாரை விரும்புகிறார்கள்.

இழை எப்படி அளக்கிறது? இதற்கு விதை போட்டவர் லேலண்ட் கிளார்க் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர். ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் மின்முனையை 1950-களில் உருவாக்கியவர் அவர். இதய அறுவை சிகிச்சையின்போது நோயாளியின் நிலையை விடாமல் கவனிக்க வேண்டும் என்பது அவருடைய நோக்கம். 1962-ல் சாம்ப் லயன்ஸ் என்பவரோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரையில் ஒரு யோசனை இருந்தது. ஆக்சிஜன் மின்முனையின் மேல், குளுக்கோஸை மட்டும் பிடிக்கும் நொதி ஒன்றைப் பூசினால் என்ன? குளுக்கோஸைச் சிதைக்க அந்த நொதி ஆக்சிஜனைச் செலவழிக்கும். எவ்வளவு ஆக்சிஜன் குறைகிறது என்று பார்த்தால் எவ்வளவு குளுக்கோஸ் இருந்தது என்று தெரிந்துவிடும்.

அந்த நொதியின் பெயர் குளுக்கோஸ் ஆக்சிடேஸ். அது எங்கிருந்து கிடைக்கிறது தெரியுமா? கடையில் வாங்கிய வெங்காயத்தை உரிக்கும்போது மேல் தோலுக்கு அடியில் கறுப்பாகப் பொடி பொடியாகப் படிந்திருக்குமே, பார்த்திருக்கிறீர்களா? அந்தக் கறுப்புப் பூஞ்சை பெரும்பாலும் ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர். அதே இனப் பூஞ்சையைத் தொழிற்சாலையில் வளர்த்துத்தான் இந்த நொதியை எடுக்கிறார்கள். குளுக்கோஸ் என்றால் பிடித்துக்கொள்ளும்; பழத்தில் இருக்கும் ஃபிரக்டோஸையோ நாம் காப்பியில் போடும் சீனியையோ கண்டுகொள்ளாது.

நொதி குளுக்கோஸோடு ஆக்சிஜனைச் சேர்க்கும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. இன்றைய பல சென்சார்களில் அது பிளாட்டினம் மின்முனையில் பட்டு எலக்ட்ரான்களை விடுகிறது. எலக்ட்ரான் ஓடினால் மின்சாரம். குளுக்கோஸ் கூடினால் மின்சாரமும் கூடும். எவ்வளவு மின்சாரம்? நானோ ஆம்பியர் கணக்கில். ஓர் ஆம்பியரை நூறு கோடியாகப் பிரித்தால் வரும் பங்குதான் ஒரு நானோ ஆம்பியர். இவ்வளவு நுட்பமான மின்னோட்டத்தை, வியர்வையிலும் குளியலிலும் கபடியிலும் அசைந்துகொண்டே இருக்கும் ஒரு கையில், இரண்டு வாரம் அளந்து எண்ணாக மாற்ற வேண்டும். பிழை வருவது ஆச்சரியம் இல்லை. பிழை இவ்வளவு குறைவாக இருப்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

இந்த மின்முனைக்கு ஒரு பலவீனம் உண்டு. ஹைட்ரஜன் பெராக்சைடிலிருந்து வந்த எலக்ட்ரானா, வேறு எதிலிருந்தோ வந்த எலக்ட்ரானா என்று அதற்குத் தெரியாது. காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் திசுநீரில் கலந்து மின்முனைக்கு வந்தால் அதுவும் எலக்ட்ரானை விடும். சில ஆண்டுகளுக்கு முன்பு வரை புழக்கத்தில் இருந்த சில சென்சார்கள், மாத்திரை போட்ட சில மணி நேரத்துக்கு சுகரை எக்கச்சக்கமாகக் கூட்டிக் காட்டின. பிறகு பாராசிட்டமாலை உள்ளே விடாத மெல்லிய சவ்வைப் பூசி ஓரளவு சரிசெய்தார்கள். இப்போதும் அளவுக்கு மீறிப் போட்டால் சிக்கல்தான். வேறு வகைச் சென்சார்களுக்கு வைட்டமின் சி ஆகாது. சப்பித் தின்னும் ஆரஞ்சு நிற மாத்திரை ஒன்றிலேயே 500 மில்லிகிராம் இருக்கும். ஒரு நாளைக்கு அதற்கு மேல் போனால் இல்லாத சுகரைச் சில சென்சார்கள் காட்டக்கூடும். எந்தச் சென்சாருக்கு எது ஆகாது என்று பெட்டிக்குள் இருக்கும் துண்டுத்தாளில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். யாரும் படிக்காத தாள் அது. படியுங்கள்.

அடுத்து நம் உடம்பு. அதன் பார்வையில் சென்சார் இழை ஒரு முள். முள் குத்தினால் என்ன நடக்குமோ அதெல்லாம் நடக்கும். சில நிமிடங்களில் புரதங்கள் வந்து அதன் மேல் ஒட்டிக்கொள்ளும். வெள்ளை அணுக்கள் கூடும். கூடிய அணுக்களுக்கும் பசி, அக்கம்பக்கத்துக் குளுக்கோஸை அவை எடுத்துக்கொள்ளும். அதனால் ஒட்டிய முதல் நாள் அளவுகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். சென்சாரும் ஒட்டிய உடனே பேசாது. ரகத்தைப் பொறுத்து அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை எடுத்துக்கொண்டுதான் முதல் எண்ணைச் சொல்லும். நாள் போகப்போக உடம்பு அந்த இழையைச் சுற்றி ஓர் உறை கட்டிவிடும். குளுக்கோஸ் வந்து சேருவது கடினமாகும். பத்துப் பதினைந்து நாளில் கழற்றி எறியச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரவில் நடக்கும் வேடிக்கை ஒன்று இருக்கிறது. வேடிக்கை என்று நாம் சொல்லலாம், அந்த வீட்டு அம்மாவுக்கு இல்லை. மணி இரண்டு. அலாரம் அலறுகிறது. போனைப் பார்த்தால், 1.30 வரைக்கும் 110, 108, 109 என்று நேர்கோடாக வந்தது, அதற்குப் பிறகு 82, 61, 48. அம்மா ஜூஸோடு ஓடிவந்து எழுப்புகிறார். பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு, எனக்கு ஒன்றும் செய்யவில்லையே என்கிறது. விரலில் குத்தினால் 107. என்ன ஆயிற்று? பிள்ளை சென்சார் இருக்கும் கையின் மேலேயே ஒருக்களித்துப் படுத்துவிட்டது. அழுத்தத்தில் அந்த இடத்துக்கு வரும் ரத்த ஓட்டம் குறைந்தது. புதுக் குளுக்கோஸ் வரவில்லை. இருந்ததை அங்கே உள்ள செல்கள் தீர்த்துக்கொண்டிருந்தன. இழை தன்னைச் சுற்றி இருந்த நாலு சொட்டு நீரைப் பார்த்து உண்மையைத்தான் சொன்னது. திரும்பிப் படுத்ததும் சிறிது நேரத்தில் கோடு பழைய இடத்துக்கு ஏறிவிட்டது.

அனுபவப்பட்ட பெற்றோர் கோட்டின் வடிவத்தைப் பார்த்தே இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். நிஜமான இறக்கம் பெரும்பாலும் சரிவாக வரும். அழுத்தத்தால் வரும் இறக்கம் திடீரென்று விழும், திடீரென்று எழும். ஆனால் பழக்கம் இருக்கிறது என்று அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கிவிடக் கூடாது. சந்தேகம் என்றால் விரலில் குத்திப் பார்க்க வேண்டும். மீட்டர் கைக்கெட்டவில்லை, பிள்ளைக்கு வியர்க்கிறது, நடுங்குகிறது என்றால் எண்ணுக்காகக் காத்திருக்காமல் குளுக்கோஸ் கொடுத்துவிட வேண்டும்.

நம் ஊர் வெயிலையும் சொல்ல வேண்டும். நொதி என்பது புரதம். சூடு அதற்கு ஆகாது. பிரிக்காத சென்சார் பெட்டிகளை 28 அல்லது 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் வைக்கச் சொல்லித்தான் பல நிறுவனங்கள் எழுதுகின்றன. மே மாதம் வேலூரிலோ மதுரையிலோ அப்படி ஓர் இடத்துக்கு எங்கே போவது? ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுதான். வெயிலில் நிறுத்திய ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைத்துவிட்டு, பிறகு சென்சார் சரியில்லை என்று புலம்பிப் பயன் இல்லை.

இவ்வளவும் கேட்டுவிட்டு, மீட்டரே மேல் என்று முடிவு கட்டுகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். மாம்பழம் சாப்பிட்ட கையோடு விரலில் குத்திப் பார்த்திருக்கிறீர்களா? மீட்டர் எடுத்துக்கொள்ளும் ரத்தம் சுமார் அரை மைக்ரோலிட்டர். குண்டூசித் தலையைவிடச் சின்னச் சொட்டு. சுகர் 100 என்றால் அந்தச் சொட்டில் இருக்கும் குளுக்கோஸ் அரை மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் இருபது லட்சத்தில் ஒரு பங்கு. விரலில் பழச்சாறு காய்ந்து, கண்ணுக்கே தெரியாமல் அதே அளவு குளுக்கோஸ் ஒட்டியிருந்தால் போதும், 100 என்பது 200 ஆகிவிடும். பழத்தை உரித்த கையோடு சோதித்தால் அளவு எகிறுவதை ஜப்பானிய மருத்துவர்கள் 2011-ல் சோதனை செய்து காட்டினார்கள். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தும் போகவில்லை. தண்ணீரில் கழுவிய பிறகுதான் சரியான அளவு வந்தது. சென்சாருக்கு இந்தத் தொல்லை இல்லை. அது எப்போதும் தோலுக்குள்ளேயே இருக்கிறது.

அளந்தாயிற்று. எண் போனுக்கு வந்து சேர வேண்டுமே! ப்ளூடூத் அலை சில மீட்டர்தான் பாயும். நம் உடம்பில் இருக்கும் தண்ணீரே அதைத் தடுக்கும். போன் ஒரு அறையிலும் பிள்ளை இன்னொரு அறையிலும் இருந்தால் கோட்டில் ஓட்டை விழும். தூரத்தில் இருக்கும் பெற்றோருக்கு அந்த எண் இணையம் வழியாகத்தான் போகிறது. 2019 நவம்பர் 30-ம் தேதி அதிகாலையில் டெக்ஸ்காம் என்ற அமெரிக்க நிறுவனத்தின் சர்வர்கள் படுத்துவிட்டன. சென்சார்கள் ஒழுங்காக அளந்துகொண்டிருந்தன; பிள்ளைகள் பக்கத்தில் இருந்த கருவிகளிலும் அலாரம் வேலை செய்தது. ஆனால் இன்னொரு அறையிலோ இன்னொரு ஊரிலோ தூங்கிய பெற்றோருக்கு எந்தச் செய்தியும் போகவில்லை. அலாரம் அடிக்கவில்லை என்பதால் எல்லாம் நலம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். சென்சார் பழுதாகாமலே ஏமாற்றம்.

தொழிற்சாலையிலும் கோளாறு வரும். 2025 நவம்பரில் அபாட் நிறுவனம் தன் சென்சார்களில் சுமார் 30 லட்சம் சுகரைத் தவறாகக் குறைத்துக் காட்டக்கூடும் என்று அறிவித்தது. காரணம், பல உற்பத்தி வரிசைகளில் ஒன்றில் ஏற்பட்ட பிரச்சினை. சுகர் குறைவாக இருக்கிறது என்று நம்பி ஒருவர் இனிப்பைச் சாப்பிட்டுக்கொண்டே, இன்சுலினைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பெட்டியில் இருக்கும் வரிசை எண்ணைத் தூக்கிப் போடாமல் எழுதி வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

இன்சுலின் பம்போடு சென்சாரைச் சேர்த்துவிட்டால் கவலை இன்னும் கூடுகிறது. 2016 செப்டம்பரில் அமெரிக்காவில் முதன்முதலாக அனுமதி பெற்ற அத்தகைய கருவியில், சென்சார் சொல்லும் எண்ணைக் கேட்டு பம்ப் தானாகவே இன்சுலினைக் கூட்டும், குறைக்கும். நடுவில் யோசிக்க ஒரு மனிதர் இல்லை.

இதற்கிடையில் ஊசியே இல்லாமல் சுகர் பார்க்கும் வாட்ச், மோதிரம் என்று விளம்பரம் வரும். தோலைக் குத்தாமல் தானே குளுக்கோஸை அளக்கும் வாட்ச் எதற்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை, அவற்றை நம்பாதீர்கள் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. மாமா யாராவது ஆசையாக வாங்கி வந்தால் மணி பார்க்க வைத்துக்கொள்ளட்டும்.

இனி மார்க் போடும் விஷயம். சென்சாரின் பிழையை ஒரே எண்ணாகச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. சென்சார் சொன்னதையும் ஆய்வகக் கருவி சொன்னதையும் ஜோடி ஜோடியாக எழுதி, ஒவ்வொரு ஜோடிக்கும் எத்தனை சதவீதம் வித்தியாசம் என்று கணக்கிட்டு, எல்லாவற்றையும் சராசரி எடுப்பார்கள். பல ஆண்டுகளாக இதில் நடுவராக இருந்தது ஒய்.எஸ்.ஐ. நிறுவனத்தின் கருவி. கிளார்க்கின் யோசனையைத்தான் அந்த நிறுவனம் 1975-ல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. சென்சார், நடுவர் இரண்டும் ஒரே குடும்பம்! தொடக்க காலச் சென்சார்கள் சிலவற்றில் இந்தச் சராசரிப் பிழை 20 சதவீதத்தைத் தாண்டியது. இன்றைய நல்ல சென்சார்களில் 8, 9 சதவீதம். 2016 டிசம்பரில் எஃப்.டி.ஏ. முதன்முறையாக, விரலில் குத்திச் சரிபார்க்காமலே ஒரு சென்சாரின் எண்ணை வைத்து இன்சுலின் போடலாம் என்று சம்மதித்தது.

சராசரி எதையெல்லாம் மறைக்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். உண்மை அளவுகள் ஐந்து: 60, 100, 150, 200, 300. சென்சார் ‘அ’ சொன்னது 90, 100, 150, 200, 300. நாலு அளவு அச்சுப் பிசகாமல் சரி. ஒன்றில் மட்டும் 50 சதவீதம் பிழை. சராசரி 10 சதவீதம். சென்சார் ‘ஆ’ சொன்னது 66, 90, 165, 180, 330. ஒன்றுகூடச் சரி இல்லை. ஒவ்வொன்றிலும் 10 சதவீதம் பிழை. சராசரி இதற்கும் 10. இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் சொல்வார்கள். ஆனால் ‘அ’வை ஒட்டிக்கொண்ட பிள்ளை 60-ல் நடுங்கிக்கொண்டிருக்கும்போது போன் 90 என்று சொல்லி எல்லோரையும் தூங்க வைத்துவிடும்.

வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் கிளார்க் 1987-ல் தன் குழுவினரோடு இதற்கு ஒரு வரைபடம் போட்டார். (லேலண்ட் கிளார்க் வேறு, இவர் வேறு.) படுக்கை அச்சில் உண்மை அளவு, நிமிர்ந்த அச்சில் கருவி சொன்ன அளவு. ஒவ்வொரு புள்ளியையும் அது எத்தனை சதவீதம் பிசகியது என்று மட்டும் பார்க்காமல், அதை நம்பி மருந்து போட்டால் ஆளுக்கு என்ன ஆகும் என்று பார்த்து ஏ முதல் இ வரை ஐந்து மண்டலங்களாகப் பிரித்தார்கள். ஏ என்றால் சரியான சிகிச்சை. பி என்றால் பிசகு உண்டு, கெடுதல் இல்லை. சி என்றால் தேவையில்லாத சிகிச்சை. டி என்றால் ஆபத்தைக் கண்டும் காணாமல் விடுவது. இ என்றால் தலைகீழ்: சுகர் இறங்கிக் கிடப்பவருக்கு இன்சுலின், ஏறிக் கிடப்பவருக்கு இனிப்பு. ‘ஆ’வின் ஐந்து புள்ளிகளும் ஏ மண்டலத்தில் விழுகின்றன. ‘அ’வின் அந்த ஒரே ஒரு பிழை விழுவது டி-யில்.

கடைசியாக உங்களுக்கு ஒரு கணக்கு. சென்சார் ‘இ’ 60, 100, 150, 200 எல்லாவற்றையும் சரியாகச் சொல்கிறது. 300-ஐ மட்டும் 150 என்கிறது. சராசரிப் பிழை மறுபடியும் 10 சதவீதம். கிளார்க்கின் வரைபடத்தில் இந்தப் புள்ளியும் டி-யில்தான் விழுகிறது. சுகர் 60-க்கு இறங்கியதைச் சொல்லாத ‘அ’, 300-க்கு ஏறியதைச் சொல்லாத ‘இ’ இரண்டில், ராத்திரி தூங்கப் போகும் ஒரு பிள்ளைக்கு நீங்கள் எதை ஒட்டிவிடுவீர்கள்? வீட்டில் சுகர் பார்க்கும் தாத்தாவோ பாட்டியோ இருந்தால் அவர்களிடமும் கேட்டு, ஏன் என்ற காரணத்தோடு நமக்கு எழுதி அனுப்புங்கள்.